நன்னீர் இல்லாக் கரையில் ஒரு துறைமுகம்

துறைமுகப் பட்டினம் எவ்வாறு தோன்றுகிறது என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாம் வழக்கமாக மூன்று காரணங்களைக் கூறுவோம். காற்றும் அலையும் புகாத குடா ஒன்று இருக்க வேண்டும். அதில் ஓர் ஆறு வந்து கலந்து குடிநீரும் படகு வழியும் தர வேண்டும். பின்னால் விளைபொருள் மிகுந்த நாடு இருக்க வேண்டும். பூகோளப் பாடப் புத்தகங்கள் பலவும் இப்படித்தான் கூறுகின்றன. பெரும்பாலான ஊர்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆயினும் நல்ல குடாவும் இல்லாமல், ஆறும் இல்லாமல், விளைபொருள் என்று சொல்லத்தக்கது எல்லாம் நிலத்துக்கு அடியிலேயே புதைந்து கிடந்த ஒரு கரையில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு துறைமுக நகரம் எழுந்திருக்கிறது. இன்று அங்கே ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். அதன் பெயர் அக்தாவ்.

கஸக்ஸ்தான் நாட்டின் மேற்குக் கோடியில், காஸ்பியன் கடலின் கீழ்க்கரையில், மங்கிஸ்தாவ் என்னும் தீபகற்பத்தில் இருக்கிறது இந்நகர். கஸக் மொழியில் 'அக்' என்றால் வெள்ளை, 'தாவ்' என்றால் மலை. வெண்ணிறச் சுண்ணப் பாறைகள் நிறைந்த நாடு ஆதலால் பெயர் பொருத்தமானதே. காஸ்பியன் என்பதைக் கடல் என்று அழைத்தாலும் அது வெளிக்கடலோடு கலவாத நீர்நிலை. உலகில் உள்ள அத்தகைய நீர்நிலைகளுள் அதுவே பெரியது. அதன் மட்டம் மாக்கடல்களின் மட்டத்தைவிட 28 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நீரின் உப்பு மாக்கடல் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. குடிக்க உதவாது, ஆனால் காய்ச்சி வடிக்கச் சற்று எளிது. இச்சிறு வேற்றுமை பின்னால் நமக்குப் பயன்படும்.

மங்கிஸ்தாவில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அங்கே ஓர் ஆண்டில் பெய்யும் மழை நம் தோட்டங்களில் ஒரே மாதத்தில் பெய்துவிடும். கோடையில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். குளிர்காலத்தில் வடகாற்று பனியைக் கொண்டு வரும். நகருக்குக் கிழக்கே உள்ள கரகியே என்னும் பள்ளம் கடல்மட்டத்துக்கு 132 மீட்டர் கீழே இறங்குகிறது. இத்தகைய நாட்டில் மனிதர் நிலையாகத் தங்காமல் நடந்துகொண்டே வாழ்ந்ததில் வியப்பில்லை.

அப்படி வாழ்ந்தவர்கள் கஸக் இனத்தாருள் அதாய் என்னும் குலத்தினர். ஆடு, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றை ஓட்டிக்கொண்டு கோடையில் வடக்கே செல்வர். குளிர்காலத்தில் தெற்கே திரும்புவர். எந்தக் கிணற்றில் எத்தனை ஆடுகளுக்குத் தண்ணீர் உண்டு என்பதே அவர்களுடைய பூகோளம். சுண்ணப் பாறையைக் குடைந்து அமைத்த நிலத்தடிப் பள்ளிவாசல்கள் இன்றும் அங்கே உள்ளன. பெக்கெத் அத்தா, ஷோபன் அத்தா, ஷக்பக் அத்தா என்னும் பெரியோர் பெயரால் அவை வழங்குகின்றன. 362 அவுலியாக்கள் அடங்கிய மண் என்று மங்கிஸ்தாவை அவ்வூரார் பெருமையாகச் சொல்வது வழக்கம்.

கப்பலும் இக்கரைக்குப் புதிதன்று. அமு தாரியா ஆற்றங்கரையில் இருந்த குவாரிஸ்ம் நாட்டையும் வால்கா ஆற்று முகத்தில் இருந்த அஸ்திரகானையும் இணைத்த வணிக வழி மங்கிஸ்தாவ் கரையைத் தொட்டே சென்றது. 1558-இல் ஆந்தனி ஜென்கின்சன் என்னும் ஆங்கில வணிகர் அஸ்திரகானிலிருந்து படகில் வந்து இக்கரையில் இறங்கினார். இங்கிருந்து ஆயிரம் ஒட்டகங்கள் கொண்ட சாத்தோடு பாலைவனத்தைக் கடந்து அவ்வாண்டின் இறுதியில் புகாரா நகரை அடைந்தார். ஆங்கிலக் கம்பளித் துணியை விற்கலாம் என்பது அவர் எண்ணம். அங்கு வந்திருந்த இந்திய வணிகர்களோ தங்கள் பருத்தித் துணிக்கு மாற்றாக அதனை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வழி இருந்தது, வணிகம் கொழிக்கவில்லை. மங்கிஸ்தாவ் கரை சரக்கு கடந்து செல்லும் இடமாக இருந்ததே ஒழிய, சரக்கு தங்கும் இடமாக ஆகவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் வணிகன் ஓர் இரவு தங்குவான், கிட்டங்கி கட்டமாட்டான்.

கவிஞரின் பெயர் பெற்ற நகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யப் பேரரசு இக்கரையில் ஒரு கோட்டையைக் கட்டியது. அக்தாவுக்கு வடக்கே, தீபகற்பத்தின் மூக்கில் உள்ளது அது. நவபெத்ரோவ்ஸ்க் என்று பெயர் பெற்றிருந்த அக்கோட்டைக்கு 1850-இல் ஒரு கைதிப் படைவீரர் அனுப்பப்பட்டார். அவர்தாம் உக்ரேனிய மக்களின் பெருங்கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ. 1847-இல் அவரைத் தண்டித்தபோது, எழுதவும் கூடாது, ஓவியம் வரையவும் கூடாது என்று ஜார் முதலாம் நிக்கோலாஸ் தம் கைப்படவே தடை விதித்தார். கவிஞராகவும் ஓவியராகவும் ஒருங்கே விளங்கிய ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறு இருக்க முடியாது. எனினும் ஏழாண்டுக் காலம் அவ்வறண்ட கரையில் இருந்தபோது அவர் கஸக் மக்களின் வாழ்வை வண்ண ஓவியங்களாக வரைந்தார். 1857-இல் விடுதலை வரும் தறுவாயில் நாட்குறிப்பும் எழுதினார். அவர் நட்டு நீரூற்றி வளர்த்ததாகச் சொல்லப்படும் ஓர் அலரி மரத்தைச் சுற்றி அங்கே ஒரு தோட்டம் உண்டாயிற்று. 1939-இல் அக்கோட்டைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அக்தாவுக்கும் அவர் பெயர் வந்த கதை சற்று விந்தையானது. 1964, கவிஞர் பிறந்து நூற்றைம்பதாவது ஆண்டு. முந்திய ஆண்டில்தான் நகர் என்னும் தகுதியைப் பெற்றிருந்த புதிய குடியிருப்புக்கு 'ஷெவ்சென்கோ' என்று பெயரிட்டார்கள். வெளியார் எளிதில் நுழைய முடியாதபடி காவல் இடப்பட்டிருந்த நகருக்கு, காவலில் வாடிய கவிஞரின் பெயர்! 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த காலத்தில் 'அக்தாவ்' என்னும் கஸக் பெயர் மீண்டது. அவ்வாறு மீண்ட பின்பும் கவிஞரிடத்தில் அவ்வூராருக்கு உள்ள மதிப்புக் குறையவில்லை. கோட்டை நகரின் பெயர் இன்றும் ஷெவ்சென்கோ கோட்டைதான்.

மீன் முள்ளில் கிடைத்த யுரேனியம்

காவல் எதற்கு? யுரேனியத்திற்கு. 1950-களில் நில ஆய்வாளர் மங்கிஸ்தாவில் யுரேனியத் தாதுவைக் கண்டனர். அது கிடந்த விதம் நம் மாணவர்க்குச் சொல்லத் தக்கது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் பரந்திருந்தது. அக்கடலில் மாண்ட மீன்களின் எலும்புகள் களிமண்ணோடு படிந்து கெட்டிப்பட்டன. நீரில் கரைந்திருந்த யுரேனியத்தை அவ்வெலும்புகள் மெல்ல மெல்ல ஈர்த்துத் தம்முள் சேர்த்துக்கொண்டன. ஆக, அங்கே வெட்டி எடுக்கப்பட்ட தாது பழங்கடல் மீன்களின் எலும்புக் குவியலே. எலும்பில் பாஸ்பேட் உண்டு ஆகையால், யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சியதிலிருந்து உரமும் செய்தார்கள்.

இத்தொழிலை நடத்தியது 'நடுத்தர இயந்திரத் தொழில் அமைச்சு' என்னும் சோவியத் அமைச்சு. பெயரைக் கேட்டால் தையல் இயந்திரம் செய்பவர்கள் என்று தோன்றும். உண்மையில் அணுகுண்டுத் தொழில் முழுவதையும் ஆண்ட அமைச்சு அது. பணத்துக்கு அங்கே குறைவில்லை. சுரங்கம் வெட்டினார்கள், உருக்குப் பாதை போட்டார்கள், பொருள் இறக்குவதற்காக அலைதடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டினார்கள். இயற்கை தராத குடாவைக் கல்லைக் கொட்டி உண்டாக்கினார்கள். எஞ்சியது ஒன்றே: தண்ணீர்.

தண்ணீரைச் செய்த கதை

நீரைக் காய்ச்சி வடிப்பது எப்படி என்பதைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் செய்து காட்டியிருக்கிறோம். உப்பு நீரைக் கொதிக்க வைத்தால் ஆவி மேலே செல்லும், உப்பு அடியில் நிற்கும்; ஆவியைக் குளிரவைத்தால் வாலை வடித்த தூய நீர் கிடைக்கும். ஒரு குவளை நீருக்கு ஓர் எண்ணெய் விளக்குப் போதும். ஒரு நகரத்துக்கு என்றால் எவ்வளவு விறகு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கேதான் பொறியியலார் இரண்டு வழிகளைக் கையாண்டனர்.

முதலாவது, ஒரே வெப்பத்தைப் பன்முறை பயன்படுத்துவது. காற்றழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பது நாம் அறிந்த பாடம். ஆகவே பல கொப்பரைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் முந்தியதைவிட அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். முதற் கொப்பரையில் எழும் ஆவி இரண்டாவதைக் கொதிக்க வைக்கும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. ஆவி ஒவ்வோர் இடத்திலும் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நன்னீராக மாறும். ஒரு முறை மூட்டிய அடுப்பில் ஏழெட்டுப் பானைகளைப் பொங்க வைப்பது போன்றது இது.

இரண்டாவது, விறகுக்கு மாற்றாக அணுவைக் கொண்டுவந்தது. பி.என். 350 என்று பெயரிடப்பட்ட அணுவுலை 1972 நவம்பரில் முதன்முதல் இயங்கத் தொடங்கி, 1973-இல் மின்சாரம் தந்தது. சாதாரண அணுவுலையில் வெப்பத்தைச் சுமந்து செல்வது நீர். இவ்வுலையிலோ உருகிய சோடியம் என்னும் உலோகம். சோடியத் துண்டை நீரில் போட்டால் என்ன ஆகும் என்பதை எந்த மாணவனும் மறக்கமாட்டான்! ஆகையால் உலையைத் தொடும் சோடியம் ஒரு சுற்று, அதனிடமிருந்து வெப்பத்தை வாங்கும் மற்றொரு சோடியம் இரண்டாம் சுற்று, அதன்பின் நீராவி மூன்றாம் சுற்று என்று பிரித்து வைத்தார்கள். கடல்நீர் வருவது அதற்கும் அப்பால். அவ்வளவு எச்சரிக்கை செய்தும் தொடக்க ஆண்டுகளில் ஆவிக் கலன்களில் கசிவு ஏற்பட்டுச் சோடியமும் நீரும் கலந்த விபத்துகள் நேர்ந்தன. அவற்றைச் சரிசெய்து மேலும் கால் நூற்றாண்டுக் காலம் உலையை ஓட்டினார்கள்.

அவ்வுலை 150 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் தந்தது. எஞ்சிய வெப்பத்தால் நாளொன்றுக்கு 120,000 கன மீட்டர் வரை நன்னீர் வடிக்க இயலும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கடல்நீரை நன்னீராக்குவதற்கு அணுவெப்பத்தைப் பேரளவில் பயன்படுத்திய முதல் நிலையம் உலகிலேயே இதுதான். அணுவுலை ஓய்ந்திருக்கும் நாட்களில் எரிவாயுக் கொதிகலன்கள் கைகொடுத்தன. வாலை நீர் சுவையற்றது, உடலுக்கு வேண்டிய தாதுக்களும் அதில் இல்லை. ஆதலால் சிறிது உப்புக் கலந்த நிலத்தடி நீரை அளவோடு சேர்த்துக் குடிநீராக்கினார்கள். குடிநீருக்கு ஒரு குழாய், மரஞ்செடிகளுக்கு ஊற்றும் நீருக்கு வேறொரு குழாய் என்று நகரில் பிரித்து வைத்தார்கள். பின்னர், 1980-களின் இறுதியில் வால்கா நீரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியாகவும் இத்தீபகற்பத்துக்குக் கொண்டுவந்தனர்.

நகரின் அமைப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இங்குத் தெருக்களுக்குப் பெயர் வைக்கவில்லை. ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். ஒருவருடைய முகவரி வட்டார எண், கட்டட எண், வீட்டு எண் என மூன்று எண்களில் முடிந்துவிடும். தபால்காரருக்கு வசதிதான், தெருப் பெயரில் ஊரின் பழங்கதையைத் தேடுபவர்க்குத்தான் ஏமாற்றம். கப்பல்களுக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டின் உச்சியில் நிற்கிறது. கீழே மக்கள் குடியிருக்க, மேலே கலங்கரை விளக்கம் எரிவதை வேறெங்கும் எளிதில் காண இயலாது. பாலையில் கட்டிய இந்நகர அமைப்பு 1970-களில் அனைத்துலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியத்தின் பரிசையும் பெற்றது.

எண்ணெய்

யுரேனியத்தோடு நின்றிருந்தால் இது சுரங்க ஊராகவே இருந்திருக்கும். 1961-இல் உசென், ஜெத்திபாய் என்னும் இடங்களில் பெரிய எண்ணெய் வயல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. உசென் எண்ணெய் மெழுகு மிகுந்தது. ஓரளவு குளிர்ந்தாலே உறைந்துவிடும். தேங்காயெண்ணெய் கடுங்குளிரில் கட்டிப்படுவது போல என்று கொள்ளலாம். ஆகவே அதனை வால்கா நாட்டுக்குக் கொண்டு செல்லும் நெடுங்குழாயின் வழியெங்கும் உலைகளை அமைத்து எண்ணெயைச் சூடேற்றிக்கொண்டே அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பகுதி எண்ணெய் அக்தாவ் துறையிலிருந்து கப்பல் வழியே அக்கரைக்குச் சென்றது. வடகாஸ்பியன் ஆழமற்றது, குளிர்காலத்தில் உறைவது. அக்தாவின் கடலோ அவ்வாறு உறைவதில்லை. இந்த ஒன்றையே இயற்கை இத்துறைக்கு அளித்த நன்கொடை எனலாம்.

இவ்வளவும் சேர்ந்தும், ஊர் தன் காலில் நிற்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எதை வெட்டுவது, எங்கே விற்பது, தண்ணீருக்கு எவ்வளவு செலவழிப்பது என்பவை எல்லாம் மாஸ்கோவில் முடிவாயின. ஒரே பொருளை நம்பி ஒரே நிர்வாகத்தின்கீழ் அமைந்த குடியிருப்பு எத்தகையது என்பதைத் தோட்டத்துப் பள்ளியில் பணிபுரிகிற எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீடும் தண்ணீரும் மருந்தும் பள்ளியும் நிர்வாகமே தரும். பொருளின் விலை இருக்கும்வரை எல்லாம் இருக்கும்.

1991-க்குப் பின் யுரேனியத்துக்கு வாங்குவோர் இல்லை. சுரங்கமும் ஆலையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஓய்ந்தன. பல நாட்டிலிருந்தும் வந்து குடியேறிய ருஷ்யரும் உக்ரேனியரும் பெருந்தொகையாகத் திரும்பிப் போயினர். 1989 குடிக்கணக்கில் 159,000 பேராக இருந்த நகர் 1999-இல் 143,000 ஆகக் குறைந்தது. அணுவுலையும் 1999-இல் மூடப்பட்டது. அதனுள் எஞ்சியிருந்த எரிபொருளில் அணுகுண்டுக்கு உதவும் புளுட்டோனியம் மூன்று டன் இருந்தது. கடலுக்கு அக்கரையில் பல நாடுகள் இருக்கையில் அதை அங்கே விட்டுவைப்பது ஆபத்து என்று கருதி, 2009 முதல் 2010 வரை பன்னிரண்டு நடையாக, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் இரயில் வழியே நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுசென்று பாதுகாத்தார்கள். சுரங்க ஆலையின் கழிவு கிடக்கும் கோஷ்கர் அத்தா என்னும் குட்டை மட்டும் நகருக்கு அருகிலேயே இருக்கிறது. நீர் வற்ற வற்ற அதன் படுகையிலிருந்து புழுதி எழும்பும் என்னும் கவலை இன்றளவும் உண்டு.

பிறர் சரக்கால் வாழும் துறை

நாடு விடுதலை பெற்றபோது அக்தாவுக்குப் புதிய மதிப்பு வந்தது. மாக்கடல் கரை இல்லாத நாடுகளுள் பரப்பில் பெரியது கஸக்ஸ்தான். ருஷ்யாவின் வழியாகவன்றி எண்ணெயும் கோதுமையும் உருக்கும் வெளியே செல்ல வேண்டுமானால் காஸ்பியனைக் கடந்தாக வேண்டும். 1990-களின் இறுதியில் ஐரோப்பியப் புனரமைப்பு வங்கியின் கடனுதவியோடு துறைமுகத்தைப் புதுப்பித்தார்கள். கரகந்தா வட்டாரத்து உருக்கும் வடபுலத்துக் கோதுமையும் ஈரானுக்குச் சென்றன. எண்ணெய் பாக்கூவுக்கும் ருஷ்யத் துறைகளுக்கும் சென்றது.

துறைமுகத்தின் பின்னால் இருந்து அதற்குச் சரக்குத் தரும் நிலத்தைப் பின்னிலம் என்று சொல்லலாம். அக்தாவின் பின்னிலம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் இரயிலில் வரும் சரக்கு வேறு வழி கிடைத்தால் திரும்பிவிடும். அப்படியே நடந்தது. 2001-இல் தெங்கிஸ் வயலிலிருந்து கருங்கடலுக்கு நேரே எண்ணெய்க் குழாய் திறந்தது. இன்று நாட்டின் ஏற்றுமதி எண்ணெயில் பெரும்பங்கு அதன் வழியே போகிறது. 2014-இல் துர்க்மேனிஸ்தான் வழியாக ஈரானுக்கு இரயில் பாதை முடிந்தது. கோதுமையும் கப்பலைவிட்டு இரயிலில் ஏறத் தொடங்கிற்று. அதே 2014-இல்தான் ஜெஸ்கஸ்கான் நகரிலிருந்து பெய்னெவ் நிலையத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் இரயில் பாதை போட்டு, சீன எல்லையிலிருந்து அக்தாவுக்கு வரும் தூரத்தைச் சுருக்கினார்கள். ஒரு கையால் வந்தது மறு கையால் போயிற்று.

2022-இல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபின் நிலைமை மாறியது. சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ருஷ்யா வழியாக ஓடிய சரக்கில் ஒரு பகுதி வேறு வழி தேடிற்று. சீனா, கஸக்ஸ்தான், காஸ்பியன், அஜர்பைஜான், ஜார்ஜியா எனச் செல்லும் 'நடுவழி' பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினர். 2022-இல் ஏறத்தாழ 15 இலட்சம் டன்னாக இருந்த அவ்வழிச் சரக்கு 2024-இல் 45 இலட்சம் டன் ஆயிற்று. எண்ணெயிலும் ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் டன் வரை அக்தாவிலிருந்து கப்பலேற்றி, பாக்கூவிலிருந்து துருக்கிக்குச் செல்லும் குழாயில் சேர்க்க உடன்பாடு செய்துகொண்டார்கள்.

மூன்று மடங்கு என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் இவ்வழியின் இடர்ப்பாட்டையும் அறிய வேண்டும். வடக்கே ருஷ்யா வழியாகச் சென்றால் பெட்டியை இரயிலிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றும் வேலையே இல்லை. இங்கோ அக்தாவில் இறக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். அக்கரையில் மறுபடி இறக்கி இரயிலில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கையாளலுக்கும் கூலி, காத்திருப்பு, சேதம். வடகாற்று வலுத்தால் துறை நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். காஸ்பியனில் கப்பல் போதவில்லை என்றால் வெளிக்கடலிலிருந்து எளிதில் தருவிக்கவும் முடியாது. வால்கா-தொன் கால்வாயின் மடைகளுக்குள் அடங்கும் கப்பல்தான் உள்ளே வர இயலும். ஆகவே இவ்வழிச் சரக்குப் பெருகியதற்குக் காரணம் வழி மலிவானது என்பதன்று. மற்ற வழியில் அரசியல் ஆபத்து வந்தது என்பதே. போர் தந்த வணிகத்தைப் போர் முடிந்தபின் காப்பாற்றுவது எளிதன்று என்பது என் கருத்து.

இத்துறையின் வருவாய் பின்னால் உள்ள மக்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. அக்தாவுக்குக் கிழக்கே, உசென் வயலுக்காகவே கட்டப்பட்ட ஊர் ஜனாஓசென். 2011-இல் அங்கே எண்ணெய்த் தொழிலாளர் ஊதியம் கேட்டுப் பல மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். டிசம்பர் 16-ஆம் நாள் காவற்படை சுட்டதில் பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டனர். மறு ஆண்டு தொழிலாளர் பலர்மீது வழக்கு நடந்ததும் அக்தாவ் நகரிலேதான். 2022 சனவரியில் வண்டிகளுக்கு ஊற்றும் எரிவாயுவின் விலை ஏறத்தாழ இரு மடங்கானபோது முதற் கிளர்ச்சி எழுந்ததும் அதே ஜனாஓசெனில். சில நாட்களில் நாடு முழுவதும் அது பரவியது. எரிவாயு தோண்டும் ஊரில் எரிவாயு விலையால் கிளர்ச்சி! அரிசியும் காய்கறியும் தொலைவிலிருந்து வர வேண்டிய ஊரில், குடிநீரையும் காசு கொடுத்துக் காய்ச்சும் ஊரில், ஊதியக் கணக்கைப் பார்த்து மட்டும் மக்களின் வாழ்வை அளந்துவிட இயலாது.

பின்வாங்கும் கடல்

இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் பெரிது. காஸ்பியனின் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் உண்டு. 1929-இல் தொடங்கி 1977 வரை அது மூன்று மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, 29 மீட்டர்ப் பள்ளத்தைத் தொட்டது. பின்னர் யாரும் எதிர்பாராத வகையில் 1995 வரை இரண்டரை மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. அதன்பின் மீண்டும் இறங்கி, அண்மை ஆண்டுகளில் விரைந்து இறங்கி, 1977-இன் தாழ்நிலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஏறி இறங்குவது இயல்புதானே என்று சிலர் கேட்கலாம். இம்முறை வேறுபாடு உண்டு. இக்கடலுக்கு வரும் ஆற்றுநீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வால்கா தருவது. அவ்வாற்றில் அணைகள் பல. மேலே காற்றின் வெப்பம் கூடக்கூடக் கடலிலிருந்து ஆவியாகும் நீரும் கூடுகிறது. வெளியே வாய்க்கால் இல்லாத கடலில் வரவுக்கும் ஆவிக்கும் உள்ள வேற்றுமையே மட்டத்தை முடிவு செய்யும். புவி வெப்பம் இப்படியே ஏறினால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 9 முதல் 18 மீட்டர் வரை தாழக்கூடும் என்று 2020-இல் அறிஞர் கணித்தனர். வடகாஸ்பியனின் சராசரி ஆழம் ஐந்து மீட்டர்தான் என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். உலகத்துத் துறைமுகங்கள் பலவும் கடல் உயருமே என்று அஞ்சும் காலத்தில், இத்துறை கடல் தாழுமே என்று அஞ்சுகிறது.

ஆழம் குறைந்தால் துறைமுகத்துக்கு என்ன நட்டம்? இதை வகுப்பில் கணக்காகவே போடலாம். காஸ்பியனில் ஓடும் பெரிய எண்ணெய்க் கப்பல் ஒன்று 150 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் உடையது. முன்னும் பின்னும் குறுகுவதைக் கழித்தால் நீர்மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 2,300 சதுர மீட்டர். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்னும் ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, கப்பல் 10 சென்டிமீட்டர் குறைவாக அமிழ வேண்டுமானால் ஏறத்தாழ 230 டன் சரக்கைக் குறைக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழம் போனால் 2,300 டன். அக்கப்பல் சுமப்பதோ 12,000, 13,000 டன். ஆக, ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சரக்குக் கரையிலேயே நின்றுவிடும். கப்பலின் கூலியும் மாலுமியின் சம்பளமும் எரிபொருளும் அப்படியே இருக்கும்.

தண்ணீர் ஆலைக்கும் அதே தொல்லை. கடல் பின்வாங்கினால் நீர் உறிஞ்சும் வாய்க்காலுக்கு நீர் எட்டாது. மின்நிலையத்தைக் குளிர்விப்பதும் அதே நீர்தான். 2023 சூன் மாதத்தில் கடல்மட்டம் தாழ்ந்ததன் பொருட்டு அக்தாவ் நகராட்சி நெருக்கடி நிலை அறிவித்தது. அடுத்த மாதமே அணுவுலை இருந்த அதே நிலையத்தில், இப்போது எரிவாயுவால் இயங்கும் பகுதியில் பழுது ஏற்பட்டு மங்கிஸ்தாவ் மாநிலம் முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. மின்சாரம் நின்றால் அவ்வூரில் தண்ணீரும் நின்றுவிடும். ஆறு ஓடும் ஊரில் விளக்கு அணைந்தால் இருட்டு மட்டுந்தான். அங்கே தாகமும் கூடவே வருகிறது. காய்ச்சி வடிக்கும் ஆலைகளோடு, மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தி உப்பை நீக்கும் புதிய ஆலைகளும் இப்போது சேர்ந்துள்ளன. அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். கடல் அருகில் இருக்கவும் வேண்டும்.

2018 ஆகஸ்டு 12-ஆம் நாள் காஸ்பியனைச் சூழ்ந்த ஐந்து நாடுகளின் தலைவர்களும் இதே அக்தாவ் நகரில் கூடி, இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபறியாக இருந்த ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கரையிலிருந்து 15 கடல் மைல் அந்தந்த நாட்டின் எல்லை. அதற்கப்பால் 10 கடல் மைல் மீன்பிடிக்கும் உரிமை. வெளிநாட்டுப் படைக்கு இடமில்லை என்பன அதன் முக்கிய விதிகள். கரை எங்கே என்பதை வைத்துத்தான் பதினைந்து மைலை அளக்க வேண்டும். அக்கரையே நகர்ந்துகொண்டிருக்கிறது. வால்காவில் எவ்வளவு நீரை விடுவது என்பது பற்றி அவ்வொப்பந்தத்தில் பேச்சே இல்லை.

அக்தாவிலும், அதற்குத் தெற்கே 2016-இல் திறந்த குரிக் துறையிலும் கடலடியைத் தோண்டிக் கப்பல் வழியை ஆழப்படுத்தும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். வடகிழக்கு மூலையில் பழைய நிலப்படங்கள் கடல் என்று காட்டிய குடாக்கள் உப்புத் தரையாகிவிட்டன. நம் பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தில் காஸ்பியனுக்கு எதிரே 28 மீட்டர் என்று அச்சிட்டிருந்தால், அது எந்த ஆண்டில் அளந்த எண் என்பதையும் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைக்கலாம்.